தேறியவரும் தகுதியுள்ளவரும்: விமானிகளை எப்படிப் பயிற்றுகிறோம், எப்படிச் சோதிக்கிறோம்

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விமானத்தோடு சம்பந்தமில்லாத வீடு அருமை. மூத்த பிள்ளை ரொறன்ரோவில், தங்கை இலண்டனில், மருமகன் கட்டாரில், வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் சென்னை என்று நம் உறவும் வாழ்வும் பரந்து கிடக்கின்றன. ரிக்கெற் வாங்கப் போனால் விலையைக் கேட்கிறோம், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்கிறோம், எந்த ஊரில் இறங்கி மாறவேண்டும் என்று கேட்கிறோம். முன்கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் இருவரும் எப்படிப் பயின்றவர்கள், கடைசியாக அவர்களைச் சோதித்தவர் யார், அந்தச் சோதனையில் அவர்கள் தவறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும் என்று சொல்வதற்காகவே இங்கு வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விமானி பரீட்சையில் தேறினார் என்பது ஒரு நாளைய செய்தி. அவர் தகுதியோடு இருக்கிறார் என்பது ஒவ்வொரு பறப்பிலும் காக்கப்படவேண்டிய நிலை. இரண்டுக்கும் இடையில் சில வேளை பெரிய இடைவெளி விழுந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பரீட்சகர். “இவர் இன்னும் ஆயத்தமாகவில்லை” என்று அவர் அச்சமின்றி எழுதக்கூடிய இடத்தில்தான் பயணிகளின் உயிருக்குப் பாதுகாப்பு உண்டு.

நம் மண்ணில் விழுந்த இரு விமானங்கள்

இலங்கைக்கு ஆகாயப் போக்குவரத்து புதிதல்ல. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே நமக்கென்று ஒரு விமான சேவை வந்துவிட்டது. ஆனால் இந்தத் தீவில் நடந்த மிகப் பெரிய இரு விமான விபத்துகளைப் பற்றி இன்றைய இளையோரில் பலருக்குத் தெரியாது.

முதலாவது 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு. மார்ட்டின்எயார் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்காவில் தரையிறங்க வந்தது. ஓடுபாதை அண்மித்துவிட்டது என்ற நம்பிக்கையில் விமானிகள் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். உண்மையில் அவர்கள் விமான நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 40 கடல்மைல் தொலைவில், மலைநாட்டின் மேல் இருந்தார்கள். மஸ்கெலியாப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலைத்தொடரில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் விமானம் மோதியது. விமானத்தில் இருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. விமானத்திலிருந்த டொப்ளர் வழிகாட்டுக் கருவியையும் வானிலை ராடாரையும் அளவுக்கு மீறி நம்பியதும், அவை காட்டியதற்குத் தவறான பொருள் கொண்டதும் இதற்கு இடம் கொடுத்தன என்றும் அது கருதியது.

நான்கு ஆண்டுகள் கூட நிறையவில்லை. 1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்றின் டி.சி.-8 விமானம் ஹஜ் முடித்துத் திரும்பும் இந்தோனேசிய யாத்திரிகர்களோடு அதே கட்டுநாயக்காவுக்கு வந்தது. ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். இறங்கும்போது உயரத்தையும் இறங்கு வேகத்தையும் காட்டும் கருவிகளை விமானிகள் முறைப்படி பார்க்கவில்லை, அணுகுமுறை ஒழுங்குகளைப் பின்பற்றவில்லை என்றது இலங்கையின் விசாரணை. நிலத்திலிருந்த வழிகாட்டுக் கருவிகளிலும் ராடார் தகவலிலும் குறை இருந்தது என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. அந்த வாதத்தைத் தீர்ப்பது இன்றைய என் வேலையல்ல.

இரண்டு விமானங்களிலும் இருந்தவர்கள் அனுபவமுள்ள விமானிகள். செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர்கள். எத்தனையோ பரீட்சைகளில் தேறியவர்கள். ஆனால் இரவில், பழக்கமில்லாத ஊரில், இறங்கும் அவசரத்தில், “நாம் இருக்கும் இடம் இதுதானா?” என்று நின்று சரிபார்க்கும் பழக்கத்தை அந்தக் காலப் பரீட்சைகள் எவரிடமும் போதிய அளவு அளந்து பார்க்கவில்லை.

அனுமதிப்பத்திரம் வரும் வழி

விமானி ஆவதற்கு உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே ஏணிதான். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944இன் சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பு அதன் படிகளை வகுக்கிறது. தனியார் விமானி அனுமதிக்குப் பொதுவாக 40 மணி நேரப் பறப்பு வேண்டும். வர்த்தக அனுமதிக்கு 200 மணி நேரம்; அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150. பெரிய விமானத்தின் கப்டனாக அமரத் தேவையான உயர் அனுமதிக்கு 1,500 மணி நேரம். இதன்மேல் ஓட்டப்போகும் ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சியும் தனிச் சோதனையும் உண்டு. வேலையில் சேர்ந்த பின்னரும் விடுதலை இல்லை. பெரும்பாலான நிறுவனங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமியுலேற்றர் எனப்படும் பாவனைக் கருவியில் ஏறிச் சோதனை கொடுத்தாக வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேறு.

இலங்கையில் இந்த அனுமதிகளை வழங்குவதும் மேற்பார்வை செய்வதும் 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இதற்கான விரிவான அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. இரத்மலானையில் சிறு விமானங்களில் பிள்ளைகள் பயிற்சி எடுப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது பெருமைக்குரியது.

ஆனால் இந்த ஏணியின் படிகள் பெரும்பாலும் மணிக்கணக்கால் ஆனவை. மணிக்கணக்கு எண்ணுவதற்கு எளிது. தரத்தை எண்ணுவது கடினம். இருநூறு மணி நேரம் பறந்த இருவரில் ஒருவர் மழையிலும் பக்கக்காற்றிலும் பல தரப்பட்ட ஓடுபாதைகளிலும் கற்றிருப்பார். மற்றவர் வெயில் நாட்களில் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றியிருப்பார். பறப்பேட்டில் இருவருக்கும் எண் ஒன்றுதான்.

எழுத்துப் பரீட்சையிலும் இதே கதை. காலி வீதி நெடுகிலும் உள்ள ரியூசன் வகுப்புகளில் பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து, வினாவைக் கண்டதும் விடை கைக்கு வரும்படி பழகுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்படி எடுத்த ‘ஏ’ பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும். விமானிப் பரீட்சைக்கும் வினாவங்கிகள் உலகெங்கும் புழங்குகின்றன. வானிலையியலில் முகில் வகைகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லித் தொண்ணூறு புள்ளி எடுக்கலாம். பருவமழைக் காலத்தில் இடிமுகில் ஓடுபாதையை மூடிக்கொண்டு நிற்கும்போது இறங்குவதா, காத்திருப்பதா, மத்தளைக்கோ சென்னைக்கோ திரும்புவதா என்று முடிவெடுக்க அந்தத் தொண்ணூறு தனியே போதாது.

சிமியுலேற்றரின் உள்ளே

இனிச் செய்முறைச் சோதனைக்கு வருவோம். சிமியுலேற்றர் என்பது ஆறு கால்களில் நின்று அசையும் ஒரு பெட்டி. உள்ளே உண்மையான விமானி அறை. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் விளக்கும் மழையும் திரையில் தெரியும். பின்னால் பரீட்சகர் ஒரு சிறு திரையோடு அமர்ந்திருப்பார். இரவு வேண்டுமா, மூடுபனி வேண்டுமா, எந்த எஞ்சின் எப்போது நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில்.

எந்த விமானியும் தவறாமல் செய்துகாட்ட வேண்டிய ஒரு சோதனையை உங்களுக்கு விவரிக்கிறேன். விமானம் ஓடுபாதையில் விரைகிறது. ‘வி-வன்’ எனப்படும் முடிவு வேகத்தைத் தாண்டியதும் ஓர் எஞ்சின் நின்றுவிடுகிறது. இனி நிறுத்தினால் ஓடுபாதை போதாது. எழும்பித்தான் ஆகவேண்டும். விமானத்தின் மூக்கு செத்த எஞ்சின் பக்கம் இழுக்கிறது. ஓட்டுபவர் எதிர்ப்பக்கக் காலால் சுக்கான் மிதியை அழுத்தி நடுக்கோட்டைப் பிடிக்கிறார், மெதுவாக மூக்கைத் தூக்குகிறார். உயரம் கூடுகிறது என்று மற்றவர் சொன்ன பின் சில்லுகள் உள்ளே போகின்றன. மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனாலும் விமானம் பாதுகாப்பான ஓர் உயரத்தை எட்டும்வரை எந்த விசைப்பிடியையும் அவர்கள் தொடக்கூடாது. முதலில் பறப்பதுதான் வேலை. பிறகு ஒருவர் எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்லி, அதன் விசைப்பிடியில் கையை வைக்கிறார். மற்றவர் கருவியைப் பார்த்து, கையைப் பார்த்து, சரி என்று உறுதிசெய்கிறார். அந்த உறுதி வந்த பிறகே அது இழுக்கப்படுகிறது.

எழும்பிச் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இந்த ஒழுங்கில், இரண்டு மனிதர் ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் அந்தச் சில விநாடிகளில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

தைப்பேயில் நடந்தது

2015 பெப்ரவரி 4ஆம் திகதி காலை. தாய்வானின் தலைநகர் தைப்பேயிலிருந்து டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.ரி.ஆர். 72-600 விமானம் 58 பேரோடு எழும்பியது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டாம் எஞ்சின் விசை இழந்தது. ஏ.ரி.ஆர். விமானம் ஓர் எஞ்சினோடு பறக்கவல்லது. ஆனால் கப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதலாம் எஞ்சினின் விசைப்பிடியை இழுத்தார். பொறுத்துச் சரிபார்ப்போம் என்று அருகிலிருந்த விமானி சொன்னது பலிக்கவில்லை. நல்ல எஞ்சின் நிறுத்தப்பட்டது. தவறு புரிந்தபோது உயரம் மிஞ்சியிருக்கவில்லை. விமானம் ஒரு மேம்பாலத்தை உரசிக்கொண்டு கீலுங் ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தனர்.

தாய்வானின் விசாரணை சபை கப்டனின் பயிற்சிக் கோவையைப் புரட்டியது. 2014இல் கப்டனாகத் தரமுயரும்போது அவர் முதல் சிமியுலேற்றர் சோதனையில் தவறியிருந்தார். மேலதிகப் பயிற்சிக்குப் பின் மறுசோதனையில் தேறினார். பயிற்றுநர்களின் குறிப்புகளும் கோவையில் இருந்தன: பதற்றப்படுகிறார், அறிவு போதாமையால், புறப்படும்போது எஞ்சின் நின்றுபோகும் நிலையில் தயங்குகிறார். எந்த நிலையில் அவர் தடுமாறுகிறார் என்று தாளில் எழுதப்பட்டதோ, அதே நிலைதான் பயணிகளோடு பறக்கும்போது அவருக்கு நேர்ந்தது. குறிப்பு எழுதிய கை சரியாகவே எழுதியது. அந்தக் குறிப்பைக் கொண்டு எதையும் மாற்றாத அமைப்புத்தான் தவறியது.

விபத்தின் பின் தாய்வான் அதிகாரிகள் அந்நிறுவனத்தின் ஏ.ரி.ஆர். விமானிகளை அவசரகால நடைமுறைகள் பற்றி மீண்டும் சோதித்தனர். தோற்றிய 49 பேரில் 10 பேர் தேறவில்லை. அந்தப் பத்துப் பேரும் அதுவரை செல்லுபடியாகும் அனுமதியோடு பயணிகளை ஏற்றிப் பறந்துகொண்டிருந்தவர்கள்! பழைய சோதனைகள் அவர்களைத் தகுதியானவர்கள் என்றன. புதிய கண்ணோடு வந்த பரீட்சகர்கள் இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த நிறுவனமே இழுத்து மூடப்பட்டது.

இது தூரத்துத் தாய்வானின் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகப் பலாலி மீண்டும் திறந்த பிறகு, சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் நம் மக்களை ஏற்றிச் செல்வதும் ஏ.ரி.ஆர். 72 வகை விமானம்தான். நல்ல விமானம், உலகெங்கும் நம்பிக்கையோடு ஓடுவது. அதை ஓட்டுபவரின் பயிற்சியும் அதே அளவுக்கு நம்பத்தக்கதாக இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

2023 ஜனவரி 15இல் நேபாளத்தின் பொக்காராவில் 72 பேரைப் பலிகொண்டதும் ஏ.ரி.ஆர். விமானமே. இறங்கும்போது இறக்கைத் தட்டுகளை நீட்டும் பிடிக்குப் பதிலாக, விசிறிகளின் விசையை நிறுத்திவிடும் பிடிகள் இரண்டும் தவறுதலாக நகர்த்தப்பட்டன என்பதே விசாரணையின் முடிவு. அது ஒரு புதிய விமான நிலையம். அங்கே இறங்குவதற்கேற்ற தொழில்நுட்பப் பயிற்சியும் சிமியுலேற்றர் பயிற்சியும் விமானிகளுக்குப் போதிய அளவு கொடுக்கப்படவில்லை என்று அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. கை தவறியது ஒரு நொடியில். பயிற்சி தவறியது அதற்கு முன்பே.

பெரியவரைத் தடுக்கும் துணிவு

நம் சமூகத்தில் மூத்தவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லாமை பண்பாடாக மதிக்கப்படுகிறது. வீட்டில் அது அழகு. விமானி அறையில் அது ஆளைக் கொல்லும்.

2010 மே 22ஆம் திகதி துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியது. கப்டன் பறப்பின் பெரும்பகுதியில் உறங்கி, இறங்கும் நேரத்தில் விழித்தவர். இறங்காமல் மேலெழும்பிச் சுற்றி வருவோம் என்று துணைவிமானி மூன்று முறை சொன்னார். கப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டிய பிறகே சில்லுகள் தரையைத் தொட்டன. மலைமேட்டு ஓடுபாதையின் விளிம்பைக் கடந்து விமானம் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர், எட்டுப் பேர் பிழைத்தனர். துணைவிமானிக்குத் தவறு தெரிந்தது, வாய்திறந்து சொல்லவும் செய்தார். ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கும் அளவுக்கு அவரை எந்தப் பயிற்சியும் ஆயத்தப்படுத்தவில்லை.

1977 மார்ச் 27இல் தெனரீஃப் தீவில் இரு ஜம்போ ஜெற் விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று, அவற்றில் ஒன்றான கே.எல்.எம். விமானத்தின் பறப்புப் பொறியியலாளர் ஐயம் எழுப்பினார். அதன் கப்டன் அதைத் தட்டிக்கழித்துவிட்டு எழும்ப முனைந்தார். அந்தக் கப்டன் தம் நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். பிறரைச் சோதித்துத் தேறச்செய்தவர். பரீட்சகரும் பரீட்சிக்கப்பட வேண்டியவர் என்று உலகம் படித்துக்கொண்ட பாடம் அது. அந்த விபத்தின் பிறகுதான் விமானிக் குழுவின் கூட்டுச் செயற்பாடு ஒரு பாடமாகவே கற்பிக்கப்படத் தொடங்கியது.

நல்ல பக்கமும் உண்டு. 2022 ஜூன் 13ஆம் திகதி இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் யூ.எல். 504 விமானம் துருக்கி வான்வெளியில் இருந்தபோது, மேலும் உயரே ஏறும்படி தரைக்கட்டுப்பாட்டிடமிருந்து அறிவுறுத்தல் வந்தது என்றும், மேலே இன்னொரு விமானம் இருப்பதைக் கண்ட நம் விமானிகள் ஏற மறுத்தனர் என்றும் செய்திகள் வந்தன. துருக்கித் தரப்பு அதை ஏற்கவில்லை. பெரும் மோதல் தவிர்க்கப்பட்டது என்று சொல்வது சரியல்ல என்று ஸ்ரீலங்கன் நிறுவனமே விளக்கியது. ஆனாலும் தன் விமானிகளின் காலமறிந்த செயலைப் பாராட்டியது. கட்டளை வந்தாலும் தாமே சரிபார்த்த பின்பே நிறைவேற்றுவது என்ற அந்தப் பழக்கம் நல்ல பயிற்சியின் விளைவு.

மொழியும் தகுதியின் ஒரு பகுதிதான். 1996 நவம்பர் 12இல் தில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் நடுவானில் மோதின. 349 பேரும் மாண்டனர். கசகஸ்தான் விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் விமானிகளின் ஆங்கில அறிவுக் குறைவு விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. இன்று சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானி ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் தரத்தை எட்டியிருக்க வேண்டும். அந்தத் தரத்தில் இருப்பவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்பட வேண்டும்.

சோதனை முறை மாறிய கதை

பல பத்தாண்டுகளாகச் சிமியுலேற்றர் சோதனை ஒரே பட்டியலாக இருந்தது. எஞ்சின் நிற்கும், தீ எச்சரிக்கை வரும், ஓர் எஞ்சினில் இறங்கவேண்டும். எது எப்போது வரும் என்று விமானிக்கு ஏறக்குறைய தெரிந்திருக்கும். செய்துகாட்டி, கட்டத்தில் சரி அடையாளம் வாங்கி, ஆறு மாதத்துக்குக் கவலையின்றிப் போவார்.

2009 ஜூன் 1ஆம் திகதி அத்திலாந்திக் மீது எயார் பிரான்ஸ் 447 விழுந்தபோது அந்தப் பட்டியலின் ஓட்டை தெரிந்தது. வேகமானிக் குழாய்களில் பனிப்படிகம் அடைத்து வேகக் கணிப்பு சிறிது நேரம் தவறியது, ஓட்டோபைலற் விடுபட்டது. விமானத்தில் வேறு பழுது இல்லை. ஆனால் மூக்கை மேலே இழுத்ததால் இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. அதுதான் நடக்கிறது என்று விளங்காமலே விமானிகள் கடல்வரை விழுந்தார்கள். 228 பேர் இறந்தனர். உச்ச உயரத்தில் கையால் விமானத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. எதிர்பாராதது வரும்போது ஒருவர் என்ன செய்வார் என்று பழைய பட்டியல் கேட்டதேயில்லை.

2013இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி முறைக்கு வழிகாட்டி வெளியிட்டது. உண்மையான பறப்புத் தரவுகளிலும் விபத்துகளிலும் எந்தத் தவறுகள் வருகின்றனவோ அவற்றையொட்டிப் பயிற்சியை அமைப்பது அதன் அடிப்படை. நடைமுறைகளைக் கடைப்பிடித்தல், தொடர்பாடல், தானியங்கியோடும் கையாலும் பறத்தல், தலைமைத்துவம், சிக்கல் தீர்த்தல், நிலைமையறிதல், வேலைப்பளுவைப் பங்கிடல் என்று திறன்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் பரீட்சகர் கவனித்து அளக்கிறார். நிகழ்வு முன்கூட்டித் தெரியாது. தவறினால் ஏன் தவறினார் என்று தேடி, அந்த வேரைத் திருத்துகிறார்கள்.

ஆனால் முறை எவ்வளவு சிறந்ததாயினும், அளப்பவர் நேர்மையாக அளக்கவேண்டும். உலகின் பல நாடுகளில் சோதிப்பவர் அதே நிறுவனத்தின் ஊழியராகவே இருக்கிறார். அதிகார சபையின் அங்கீகாரத்தோடு தம் சக ஊழியரைச் சோதிக்கிறார். ஒருவரைத் தேறவில்லை என்று எழுதினால் நாளைய பறப்புப் பட்டியலில் ஓர் ஆள் குறையும். நண்பரின் பிழைப்பு தடைப்படும். மேலாளரின் முகம் சுளிக்கும். இத்தனையையும் மீறி உண்மையை எழுதுபவருக்கு நிறுவனமும் அரசும் அரணாக நிற்கவேண்டும்.

நம்பிக்கை குலைந்தால்

பரீட்சையின் நேர்மை குலைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் அயலிலேயே சான்று இருக்கிறது. 2020 மே 22இல் கராச்சியில் பாகிஸ்தான் சர்வதேச விமான சேவையின் விமானம் விழுந்தது. அடுத்த மாதம் அந்நாட்டு அமைச்சர் பாராளுமன்றத்தில், 860 விமானிகளில் 262 பேரின் அனுமதிகள் ஐயத்துக்குரியவை என்றார். பரீட்சைக்குத் தாமே தோற்றாமல் ஆள் வைத்து எழுதியோர் இருக்கிறார்கள் என்றார். ஜூலை 1ஆம் திகதி முதல் ஐரோப்பா தன் வானத்தை அந்த நிறுவனத்துக்கு மூடியது. 2024 நவம்பரில்தான் தடை நீங்கியது. பெயர் சொல்லப்பட்டவர்களில் பலர் பின்னர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள். ஆயினும் நேர்மையாகப் படித்து நேர்மையாகத் தேறிய விமானிகளும் அத்தனை காலம் சந்தேகத்தின் கீழ் வாழ வேண்டியிருந்தது.

பதிவேடுகளின் நேர்மையும் அத்தகையதே. 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே விழுந்த பயணிகள் விமானத்தின் கப்டன், முன்பு பல சோதனைகளில் தவறியவர். அவற்றில் சிலவற்றை வேலைக்கு எடுத்த நிறுவனம் அறிந்திருக்கவில்லை. ஐம்பது உயிர்கள் போன பிறகு அந்நாடு சட்டத்தைத் திருத்தியது. விமானியின் பயிற்சிப் பதிவு அவர் போகுமிடமெல்லாம் கூடப்போகும்படி செய்தது. நம் விமானிகள் வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் பெயர்ந்து செல்லும் காலம் இது. 2022 பொருளாதார நெருக்கடியின் பின் அந்தப் போக்கு கூடியது. ஆட்கள் குறையும்போது மீதியுள்ளவர்களை விரைவாகத் தரமுயர்த்தும் அழுத்தம் எந்த நிறுவனத்துக்கும் வரும். அப்போதுதான் பரீட்சகரின் பேனா உறுதியாக இருக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

பெற்றோர்களுக்கு முதலில். வீட்டை ஈடுவைத்தும் வெளிநாட்டுப் பிள்ளையிடம் கேட்டும் பெருந்தொகை கட்டிப் பறப்புப் பாடசாலையில் சேர்க்கிறீர்கள். சேர்க்குமுன் கேளுங்கள்: பயிற்றுநர் ஒருவருக்கு எத்தனை மாணவர்? விமானங்கள் பழுதுபட்டு நிற்கும் நாட்கள் எத்தனை? பயிற்சி முடிய உண்மையில் எவ்வளவு காலம் எடுக்கிறது? முதல் தடவையில் எத்தனை பேர் தவறுகிறார்கள், தவறியவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்? “எங்களிடம் எல்லோரும் தேறுவார்கள்” என்று ஒருவர் சொன்னால் மகிழாதீர்கள், எழுந்து வாருங்கள். பிள்ளை ஒரு சோதனையில் தவறினால் திட்டாதீர்கள். தரையில் தவறுவதற்கு இடமிருப்பதால்தான் ஆகாயத்தில் தவறாமல் இருக்க முடிகிறது.

மாணவர்களே, கடந்தகால வினாத்தாளோடு நின்றுவிடாதீர்கள். விபத்து விசாரணை அறிக்கைகள் பெரும்பாலும் எவரும் படிக்கத் திறந்தே இருக்கின்றன. குற்றம் சாட்டுவது அவற்றின் நோக்கமல்ல; மீண்டும் நடவாமல் தடுப்பதே நோக்கம். அவற்றைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது.

அதிகாரத்தில் இருப்போரிடம் நான் கேட்பது மூன்று. பரீட்சகரின் தீர்ப்பில் நிறுவனமோ அரசியலோ கைவைக்க முடியாதபடி அவருக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுங்கள். பரீட்சகர்களையே காலத்துக்குக் காலம் வெளியாரைக் கொண்டு சோதியுங்கள். பயிற்சி விமானமாயினும் பயணிகள் விமானமாயினும் ஒவ்வொரு விபத்தின் அறிக்கையையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுங்கள். ஏழு கன்னியர் மலையடியில் வாழும் தோட்டத் தொழிலாளியும் தன் ஊரில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று தன் மொழியில் படிக்க முடியவேண்டும்.

பயணிகளாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. மழையால் விமானம் சுற்றி வந்தால், இறங்காமல் வேறு நகரத்துக்குத் திரும்பினால், விமானியின் ஓய்வு நேரம் முடியாததால் பறப்புத் தாமதமானால், கவுண்டரில் நின்று சத்தம் போடாதீர்கள். சரியாகப் பயிற்றப்பட்ட ஒருவர் சரியாக முடிவெடுத்திருக்கிறார் என்று எண்ணுங்கள். இறங்கலாம் என்ற ஆசைக்கு அடிபணியாத விமானியும், தேறாதவரைத் தேறவில்லை என்று எழுதும் பரீட்சகரும் நம் உயிரைக் காப்பவர்கள். அவர்களை மதிக்கும் சமூகமாக நாம் இருப்போம்.